நாற்பது வயதுக்குமேல் குட்டைப் போர்டு: குமரிக் கடலில் சர்ஃபிங் பழகுவோருக்கு

9 அடி ஃபோம் போர்டில் நுரையலையில் எழுந்து நிற்கப் பழகிவிட்டீர்கள். உடையாத பச்சை அலையையும் பத்துக்கு நாலு முறையாவது பிடித்துக் கரைப்பக்கம் வர முடிகிறது. போர்டு நீளமாக இருப்பதால் திருப்ப முடியவில்லை, தூக்கிக்கொண்டு மணலில் நடப்பதே பெரும்பாடு, நுரையைத் தாண்டி உள்ளே போவதற்குள் கை ஓய்ந்துபோகிறது. இனிக் குட்டைப் போர்டு வேண்டும் என்று தோன்றுவது இந்தக் கட்டத்தில்தான். இந்தக் கட்டுரை அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கானது. இன்னும் நுரையலையிலேயே நிற்க வராதவர்கள் பெரிய போர்டிலேயே ஒரு பருவம் கழித்துவிட்டு வாருங்கள். அலையைக் கண்ணால் படிக்கும் பழக்கம் வேறு எந்த வழியிலும் வராது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாற்பத்தைந்து வயதில் 9 அடியிலிருந்து நேரே 6 அடிக்குத் தாவுகிறவர்கள் பெரும்பாலும் தோற்றுப்போவது உடம்பில் வலு இல்லாததால் அல்ல. நீளத்தோடு சேர்த்து மிதப்பையும் ஒரே நாளில் மூன்றில் ஒன்றாக வெட்டிவிடுகிறார்கள். நீளத்தைக் குறையுங்கள்; லிட்டரை அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். கீழே உள்ளதில் பாதி இந்த ஒன்றின் விரிவுதான்.

லிட்டர் கணக்கு

போர்டின் அடிப்பக்கத்தில் நீளம், அகலம், தடிமன் மூன்றும் அடி அங்குலத்தில் எழுதியிருக்கும். பக்கத்திலேயே லிட்டர் அளவும் இருக்கும். லிட்டர் என்பது போர்டின் கன அளவு. உங்களை எவ்வளவு மிதக்கவைக்கும் என்பதை அது சொல்கிறது. 9 அடி ஃபோம் போர்டு 85 லிட்டர் சுமாருக்கு இருக்கும். போட்டிகளில் இளைஞர்கள் ஓட்டும் 6 அடிப் போர்டு 27, 28 லிட்டர்தான். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள்.

கணக்கு எளிது. உங்கள் எடையை 0.65 ஆல் பெருக்குங்கள். 75 கிலோ எடை என்றால் 48, 49 லிட்டர். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 39, 40 லிட்டர். குட்டைப் போர்டில் முதல் வருடத்துக்கு இதுதான் கீழ் வரம்பு. வாரம் இரண்டு முறைக்குக் குறைவாகக் கடலில் இறங்குபவர், தோளில் பழைய காயம் உள்ளவர், ஐம்பதைத் தாண்டியவர் இதன்மேல் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளட்டும். நன்கு தேர்ந்த சர்ஃபர்கள் எடையின் 0.36, 0.38 மடங்கில் ஓட்டுகிறார்கள் என்று எங்காவது படித்திருப்பீர்கள். அந்த எண்ணை மறந்துவிடுங்கள். தினமும் கடலில் கிடக்கும் இருபது வயது உடம்புக்கு அது சரி.

75 கிலோ எடைக்கு முதல் குட்டைப் போர்டாக 7 அடி 2 அங்குல நீளம், 21½ அல்லது 22 அங்குல அகலம், 2¾ அங்குலத் தடிமன் உள்ள வட்ட மூக்குப் போர்டு பொருந்தும். கடையில் மிட்-லெங்த் என்றோ ஃபன்போர்டு என்றோ சொல்வார்கள். வாங்கும்போது மூன்று இடத்தைப் பாருங்கள். மூக்கு அகலமாக இருக்க வேண்டும். நீங்கள் சற்று முன்னால் படுத்துவிட்டாலும் அமுங்காது. போர்டைப் பக்கவாட்டில் நிறுத்தி அதன் வளைவைக் கவனியுங்கள். ராக்கர் எனப்படும் இந்த வளைவு முன்பக்கம் அதிகமானால் செங்குத்தான அலையில் மூக்கு குத்தாது, ஆனால் துடுப்புக்கை போடும்போது, அதாவது படுத்தபடி கையால் துழாவும்போது, தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். குறைவான வளைவே உங்களுக்கு நல்லது. மூன்றாவது, ரெயில் என்னும் விளிம்பு. கத்திபோல் மெலிந்திருந்தால் வேண்டாம். கையில் பிடித்தால் உருண்டையாக நிரம்ப வேண்டும்.

ஃபின் எனப்படும் அடிப்பக்கச் சிறகு மூன்றும் ஒரே அளவில் இருக்கும் ‘திரஸ்டர்’ அமைப்போ, நடுவில் பெரிதும் பக்கத்தில் இரண்டு சிறிதுமாக இருக்கும் அமைப்போ போதும். போர்டைக் காலோடு கட்டும் லீஷ் கயிறு போர்டின் நீளம் இருக்கட்டும், 7 மில்லிமீட்டர் தடிமனில். கால் வழுக்காமல் போர்டின்மேல் தேய்க்கும் வேக்ஸ் வாங்கும்போது ‘டிராபிக்கல்’ என்று கேட்டு வாங்குங்கள். குளிர்நாட்டு வேக்ஸ் நம் வெயிலில் வெண்ணெய்போல உருகிக் கால் வழுக்கும்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் கோவளமும் வர்க்கலையும் ஒரு வார இறுதிக்குள் போய்வரக்கூடிய தூரம். அங்குள்ள சர்ஃப் பள்ளிகளில் 8 அடி, 7 அடி 6, 7 அடி 2 என்று மூன்று அளவு கேளுங்கள். ஒரே காலையில், ஒரே அலையில் மூன்றிலும் பத்துப் பத்து முறை முயன்று பாருங்கள். உங்கள் அளவு எது என்று கை உங்களுக்கே சொல்லிவிடும்.

கடலுக்கு முன் முற்றம்

நீளப் போர்டில் எழுந்திருக்க நிதானமாக நேரம் கிடைக்கும். அலை தூக்கத் தொடங்கும்போதே போர்டு ஓட ஆரம்பித்துவிடும். முட்டி போட்டு, யோசித்து எழுந்தாலும் ஓடும். குட்டைப் போர்டுக்கு நீரில் படும் நீளம் குறைவு என்பதால் துடுப்பு வேகமும் குறைவு. அலை செங்குத்தாகும் வரை அது ஓடத் தொடங்காது. அதாவது நீங்கள் அலையைத் தாமதமாக, சரிவான இடத்தில் பிடிக்கிறீர்கள். எழுந்து நிற்கக் கிடைப்பது ஒன்றரை நொடி. முட்டி ஊன்றினால் அந்த இடத்தில் போர்டு அமுங்கி நின்றுவிடும். ஆகவே முட்டிப் பழக்கத்தை முதலில் விட வேண்டும். அதை விடுவதற்கான இடம் கடல் இல்லை. கடலில் ஒரு மணி நேரத்தில் பத்து முறை எழுந்தால் அதிகம். வீட்டு முற்றத்தில் அதைப் பத்து நிமிடத்தில் முப்பது முறை செய்யலாம்.

சிமென்ட் முற்றத்திலோ மொட்டை மாடியிலோ கோலப்பொடியால் உங்கள் போர்டை வரையுங்கள். 7 அடி 2 அங்குலம் என்றால் 218 சென்டிமீட்டர் நீளம், அகலம் 56. நடுவே தலை முதல் வால் வரை ஒரே கோடு. அந்தக் கோடுதான் ஆசிரியர். அதன்மேல் குப்புறப் படுங்கள். கால்விரல் வால் விளிம்பைத் தொட வேண்டும். பிறகு:

1. உள்ளங்கை இரண்டையும் கடைசி விலா எலும்புகளின் அருகே தரையில் பதியுங்கள். விளிம்பைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் கடலில் போர்டு ஒரு பக்கம் சாயும்.

2. தலையைத் தூக்கி எதிர்ச் சுவரில் ஓர் இடத்தைப் பாருங்கள். எழுந்து முடியும்வரை கண் அங்கேயே இருக்கட்டும்.

3. நெஞ்சைத் தள்ளி எழுப்பும்போதே பின்காலை மடக்கி, பாதத்தின் உள்விளிம்பு தரையில் படும்படி வைத்து, இடுப்பைப் பக்கவாட்டில் திருப்பித் தூக்குங்கள்.

4. இடுப்பு எழுந்த இடைவெளியில் முன்காலை இழுத்து இரண்டு கைகளுக்கும் நடுவே வையுங்கள்.

5. கையை விடுங்கள். முட்டி மடங்கி, முதுகு அதிகம் குனியாமல், நெஞ்சு முன்காலின் மேல் இருக்க வேண்டும்.

இளைஞர்கள் இரண்டு காலையும் ஒன்றாகத் துள்ளிக் கொண்டுவருவார்கள். இடுப்பு இறுகிப்போன வயதில் பின்கால் முதலில் வரும் இந்த முறையே நம்பகமானது. வேகத்தில் குறைவும் இல்லை.

எழுந்ததும் அசையாமல் நின்று கீழே பாருங்கள். நடுக்கோடு எங்கே கலைந்திருக்கிறது? முன்பாதத்தின் நடு வளைவு கோட்டின்மேல் விழுந்திருந்தால் சரி. குதிகால் மட்டும் கோட்டை அழித்திருந்தால் உடம்பு விரல் பக்கம் சாய்ந்திருக்கிறது; கடலில் அந்தப் பக்கம் விழுவீர்கள். கோடே கலையாமல் பாதம் ஒருபக்கமாக இருந்தால் இடுப்பு போதிய அளவு எழவில்லை என்று பொருள். பின்பாதம் வால் நுனியிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்குள் இருக்க வேண்டும். உண்மைப் போர்டில் ஃபின்கள் அதன் அடியில்தான் இருக்கும். அங்கே கால் இல்லாவிட்டால் போர்டு திரும்பாது. கலைந்த கோட்டைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த முறை படுங்கள். பத்து முறை, ஓய்வு, மறுபடி பத்து, மறுபடி பத்து. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். பத்துக்கு எட்டு முறை பாதம் கோட்டில் விழுந்து, கைபேசியில் எடுத்த வீடியோவில் ஒன்றரை நொடிக்குள் முடிந்தால் கடலுக்குத் தயார்.

முற்றத்தில் சோதிக்க இன்னும் இரண்டு உண்டு. குதிகால் தரையில் படிய, குத்தவைத்து அரை நிமிடம் உட்கார முடிகிறதா? மேற்கத்திய கழிப்பறைக்கு மாறியபின் பலருக்கு இது போய்விட்டது. கணுக்கால் மடங்காதவர் போர்டில் இடுப்பால் குனிவார், முதுகு வலிக்கும். தினமும் இரண்டு நிமிடம் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்தால் சில வாரங்களில் திரும்ப வந்துவிடும். அடுத்தது, 15 தண்டால் நிறுத்தாமல். இதோடு குளத்திலோ நீச்சல் குளத்திலோ 200 மீட்டர் நிற்காமல் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். லீஷ் அறுந்தால் உங்களிடம் மிஞ்சுவது அந்த நீச்சல்தான்.

எந்த மாதம், எந்தக் காற்று

குமரி மாவட்டத்தில் ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை நம் கரையில் பெரும்பகுதி அரபிக் கடலைப் பார்த்துத் தென்மேற்காகக் கிடக்கிறது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழும் அலை தடையில்லாமல் இங்கே வந்து சேரும். ஆனால் கரை பல இடங்களில் சடாரென்று ஆழமாகிறது. உள்ளே நீண்டு உடையாமல் கரையிலேயே ‘டப்’பென்று அடிக்கும் அலை இதனால்தான். அந்த அடி அலையில் குட்டைப் போர்டு பழகக் கூடாது; கழுத்தும் தோளும் போகும். கரையிலிருந்து முப்பது, நாற்பது மீட்டர் தள்ளி மணல்திட்டில் உடைந்து, நுரையாக உருண்டு வரும் இடம்தான் வேண்டும்.

மணல்திட்டு நிலையானது அல்ல. ஆனி ஆடிக் கடல் கரை மணலை வாரிக்கொண்டு போகும். கார்த்திகைக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். போன வருடம் நன்றாக உடைந்த இடம் இந்த வருடம் வெறும் பள்ளமாக இருக்கலாம். எனவே ஊர்ப் பெயரை நம்பாமல், இறங்குவதற்கு முன் உயரமான இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

குட்டைப் போர்டு பழக நல்ல காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. அலை இடுப்பளவு, நெஞ்சளவில் இருக்கும். விடியற்காலையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அலையின் முகத்தை வழித்துத் தடவிவிட்டதுபோல் ஆக்கும். காலை 6 மணிக்கு இறங்கி 8 மணிக்குள் ஏறிவிடுங்கள். வெயில் ஏறக் கடல்காற்று திரும்பி, அலைமுகம் கலைந்துபோகும். நீளப் போர்டு அந்தக் கலங்கலைத் தாங்கும், குட்டைப் போர்டு தாங்காது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் கொந்தளிப்பும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தத் தடை மீன்வளத்துக்காக. என்றாலும் அந்த இரண்டு மாதத்தை உங்கள் முற்றப் பயிற்சிக்கு ஒதுக்கிவைப்பது நல்ல ஏற்பாடு.

ஏப்ரல், மே மாதங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, கடல் குளம்போலக் கிடக்கும். திடீரென்று பெரிய அலைகள் வரிசையாகக் கரையேறும். கள்ளக்கடல் என்று நம் கரை மக்கள் சொல்வது இதைத்தான். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே எழுந்த புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து வருவதால் இங்கே முன்னறிகுறி தெரியாது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் (INCOIS) அலை உயரம், திசை, அலைக்கு அலை இடைவெளி மூன்றையும் தினமும் வெளியிடுகிறது. கள்ளக்கடல் எச்சரிக்கையும் அங்கிருந்தே வருகிறது. இறங்குவதற்கு முந்தின இரவு அதைப் பார்க்காமல் போகாதீர்கள்.

முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்ப்பது பெரிய தவறு. ஒரு மீட்டர் உயரம், 8 நொடி இடைவெளி என்றால் சாதுவான அலை. அதே ஒரு மீட்டர் 15 நொடி இடைவெளியில் வந்தால் ஆழத்தில் அதிக நீரைச் சுமந்துகொண்டு வருகிறது. கரையை நெருங்கும்போது இன்னும் உயர்ந்து, கனத்து விழும். பழகுபவர்களுக்கு 8 முதல் 11 நொடி, ஒரு மீட்டருக்குள். அதற்குமேல் கரையில் உட்கார்ந்து பாருங்கள், அதுவும் பாடம்தான். நம் கரையில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்க வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் ஆழமில்லாத மணல்திட்டின்மேல் அரை மீட்டர் கூடினாலே அலை உடையும் இடம் மாறிவிடும். ஏற்ற நேரம் பார்த்துக் குறித்துவைத்தால் உங்கள் இடத்துக்கு எது பொருந்துகிறது என்று ஒரு மாதத்தில் பிடிபடும்.

ஒதுக்க வேண்டிய இடங்கள்: தூண்டில் வளைவு எனப்படும், கடலுக்குள் நீளும் கற்சுவர்களின் இரு பக்கமும். அந்தக் கற்சுவரை ஒட்டி நீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு ஓடும். கல்லிலும் நான்முனைக் கான்கிரீட்டிலும் மோதினால் பிழைப்பது அரிது. குறைந்தது 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள். முட்டத்தைப் போலப் பாறை கிடக்கும் கரைகளும், தேங்காய்ப்பட்டணம், மணக்குடி போன்ற ஆற்று முகத்துவாரங்களும் துறைமுக வாயில்களும் வேண்டவே வேண்டாம். நிர்வாகமோ காவல்துறையோ இறங்கத் தடை போட்டிருந்தால் அன்று பேச்சே இல்லை.

கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் “அண்ணே, இன்னைக்கு நீவாடு எந்தப் பக்கம்?” என்று கேளுங்கள். நீரோட்டத்தைத்தான் நீவாடு என்கிறார்கள். எந்தச் செயலியும் தராத பதில் அது. கூடவே வள்ளம் எப்போது கரையேறும், எங்கே கரமடி வலையைக் கரையிலிருந்து இழுப்பார்கள் என்பதையும் கேட்டு அந்த இடத்தையும் நேரத்தையும் விட்டுவிடுங்கள். அலையோடு வரும் வள்ளம் உங்களுக்காக விலக முடியாது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடற்கரை ஊர்களில் தொழிலுக்குப் போவதில்லை என்பதால் அன்று காலை இடம் காலியாக இருக்கும். கோயிலுக்குப் போகும் ஊர்க்காரர்களின் நடுவே முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையுமாக நடப்பது மரியாதை. லைக்ரா முழுக்கை வெயிலுக்கும் நல்லது.

தண்ணீரில் முதல் பத்து நாள்

முதல் இரண்டு நாள் அலையைப் பிடிக்காதீர்கள். படுப்பதையும் துடுப்புக்கையையும் மட்டும் பாருங்கள். மூக்கு நீருக்கு மேல் மூன்று விரல் அளவு நிற்கும் இடத்தில் படுத்து, மோவாய் வரும் இடத்தில் வேக்ஸால் குறுக்கே ஒரு கோடு போட்டுவையுங்கள். 9 அடிப் போர்டில் ஒரு கையளவு முன்பின் தவறினால் மன்னிக்கும். இங்கே மூன்று விரல் தவறினாலே வால் இழுக்கும் அல்லது மூக்கு குத்தும். கால் இரண்டும் ஒட்டியே இருக்கட்டும். கால் அகன்றால் போர்டு ஆடுகிறது என்று அர்த்தம். ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் நடுக்கோட்டில் இல்லாததுதான்.

கை வீசும்போது முழங்கை மேலே, முன்கை நீரில் நேராக இறங்கி, இடுப்பு வரை நீளமாக இழுக்க வேண்டும். சுருக்கச் சுருக்கமாகத் தண்ணீரை அடிப்பவர்கள் பத்து நிமிடத்தில் களைத்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள் நுரையில். இடுப்பளவு நீரில் நுரை வந்து தள்ளும்போது முற்றத்தில் செய்ததை அப்படியே செய்யுங்கள். இருபது முறை நின்றபின் உள்ளே போகலாம். 48 லிட்டர் போர்டை அலைக்கு அடியில் அமுக்கி நுழைவது உங்களால் ஆகாது, முயலவும் வேண்டாம். நுரை இரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கும்போது விளிம்பை இரு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, மூச்சை இழுத்து, போர்டோடு தலைகீழாகப் புரளுங்கள். போர்டு மேலே, நீங்கள் கீழே. மூக்கைச் சற்று உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். நுரை கடந்ததும் மறுபடி புரண்டு, உடனே கை வீசுங்கள். போர்டை எறிந்துவிட்டு முங்குவது பின்னால் வருபவரின் தலையை உடைக்கும்.

அலைக்காகக் காத்திருக்கும் இடம் நீளப் போர்டில் இருந்ததைவிட இரண்டு மூன்று மீட்டர் கரைப்பக்கம். இதை ஏற்க மனம் கூசும். அலை தலையில் உடைந்துவிடும் என்ற பயம். ஆனால் வெளியே உட்கார்ந்தால் ஒன்றும் பிடிக்க வராது. அலை வருவது தெரிந்ததும் திரும்பிப் படுத்து, முதலில் மெதுவாக மூன்று நான்கு கை, பிறகு முழு வேகத்தில் ஐந்தாறு கை. வால் எழும்பும்போது பெரும்பாலானவர்கள் கையை நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் அலை நழுவுகிறது. வால் எழும்பியபின் இன்னும் இரண்டு கை கட்டாயம் போடுங்கள். மோவாயைப் போர்டுப் பக்கம் தாழ்த்தினால் எடை முன்னால் போய் ஓட்டம் பிடிக்கும்.

நேராகக் கரையைப் பார்த்து இறங்காதீர்கள். அலை எந்தப் பக்கமாக உடைந்துகொண்டு போகிறதோ அதே திசையில், இன்னும் உடையாத பக்கம் பார்த்து, கடைசி இரண்டு கையிலேயே மூக்கைச் சற்றுத் திருப்பிவிடுங்கள். மூக்கு குத்துவதற்கு முக்கியக் காரணம் நேராக இறங்குவதுதான். படுக்கும் இடம் தவறுவது அடுத்த காரணம். எழும்போது பாதத்தைப் பார்ப்பது மூன்றாவது. தலை குனிந்தால் எடை முழுதும் மூக்குக்கு வரும்.

நின்றபின் வேகம் குறைகிறதென்றால் முன்காலில் அழுத்துங்கள். திருப்ப வேண்டுமென்றால் முதலில் கண், பிறகு முன்தோள், கடைசியில் பின்காலின் அழுத்தம். கால் முதலில் போனால் போர்டு மட்டும் திரும்பும், நீங்கள் தண்ணீரில் இருப்பீர்கள்.

விழுவதும் பயிற்சிதான். தட்டையாக, முதுகோ பக்கவாட்டோ படும்படி, இரு கையால் தலையை மூடிக்கொண்டு விழுங்கள். தலைகுப்புற ஒருபோதும் பாயாதீர்கள். மணல் இடுப்பளவு ஆழத்தில்தான் இருக்கிறது. எழும்போது ஒரு கை மேலே நீட்டியபடி எழுந்தால் போர்டு தலையில் இடிக்காது. உங்களுக்கும் அலைக்கும் நடுவில் போர்டைக் குறுக்கே பிடிக்கக் கூடாது. லீஷைக் கையில் சுற்றுவது விரலைப் பறிகொடுக்கும் வழி.

கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும் நீரில் மாட்டினால் போர்டை விடாதீர்கள், எதிர்த்தும் துழாவாதீர்கள். கரைக்கு இணையாக, அலை உடைந்து நுரை தெரியும் பக்கமாக நகர்ந்து, நுரையில் ஏறிப் படுத்தபடியே வாருங்கள். தனியாக இறங்க வேண்டாம். கரையில் ஒருவராவது இருக்கட்டும், கையில் கைபேசியோடு. ஆம்புலன்ஸ் 108, கடலோரக் காவல் 1093.

உடம்பு

ஒரு முறைக்கு 60 முதல் 75 நிமிடம், வாரத்தில் மூன்று முறைக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள் தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் தோள்பட்டையை அழுத்திப் படுக்கும்போது வலி எழுப்பிவிடுகிறதென்றால் தோள் தசைநார் புண்பட்டிருக்கலாம். இரண்டு வாரம் துடுப்புக்கையை நிறுத்துங்கள், வலி தீராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கியவர்கள் ஒரு பருவம் முழுக்க இழந்திருக்கிறார்கள்.

அரிதானது என்றாலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். முதுகை வில்லாக வளைத்து நெடுநேரம் படுத்திருக்கும்போது சட்டென்று நடு முதுகு வலித்து, காலில் மதமதப்போ வலுக்குறைவோ வந்தால் அந்த நொடியே கரையேறி நேரே மருத்துவமனைக்குப் போங்கள். தண்டுவடத்துக்கு இரத்த ஓட்டம் தடைப்படுவதன் அறிகுறி அது. இதைத் தவிர்க்க, காத்திருக்கும்போது படுத்தே இருக்காமல் போர்டில் எழுந்து உட்காருங்கள்.

கண்ணில் சதை வளர்வது நம் கடற்கரையில் புதிதல்ல. வெயிலும் உப்பும் காற்றும் சேர்ந்து செய்வது. நாடாவால் கட்டும் தொப்பி அணியுங்கள். வெதுவெதுப்பான கடலில் காது அடைப்பும் சீழும் வரும், குளித்து முடித்ததும் காதை உலர்த்துங்கள்.

போர்டில் ஓட்டை விழுந்தால்

இதில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு வசதியும் ஓர் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. ஃபைபர் வள்ளம் பழுதுபார்ப்பவர்கள் கரை நெடுக இருக்கிறார்கள். கை நேர்த்தி உள்ளவர்கள். அவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின். உங்கள் போர்டு பழைய வகை பாலியூரித்தேன் என்றால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் இப்போது விற்கும் பல போர்டுகள் எப்பாக்ஸி. அவற்றின் உள்ளே இருப்பது தெர்மோகோல் இனத்து நுரை. அதன்மேல் பாலியஸ்டர் ரெசின் பட்டால் கண்ணெதிரே நுரை கரைந்து, ஓட்டை இருந்த இடத்தில் குழி விழும். எப்பாக்ஸி போர்டுக்கு எப்பாக்ஸி ரெசின் மட்டுமே. எந்த வகை என்று தெரியாவிட்டாலும் எப்பாக்ஸியே போடச் சொல்லுங்கள். அது இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளும்.

ஓட்டையைக் கண்டதும் கடலை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஓட்டை கீழே இருக்கும்படி நிழலில் சாய்த்து, நாலைந்து நாள் காயவிடுங்கள். நீர் உள்ளே இருக்கும்போதே மூடினால் மேல்தோல் உப்பி எழும். காய்ந்தபின் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு உப்புத்தாள் தேய்த்து, ஃபைபர் துணி இரண்டு அடுக்கு. அவசரத்துக்கு எம்-சீல் வைத்து அடைக்கலாம், அதுவும் எப்பாக்ஸிதான். பகல் நேரத்தில் பூட்டிய காருக்குள் போர்டை வைக்காதீர்கள். நாகர்கோவில் வெயிலில் ஒரு மதியம் போதும், மேல்தோல் நுரையிலிருந்து பிரிந்துவிட.

அடுத்த அளவுக்கு எப்போது

7 அடி 2 போர்டில் தொடர்ந்து மூன்று வாரம், முயன்ற பத்து அலையில் ஆறைப் பிடித்து, அவற்றில் ஐந்தில் நின்று, இரண்டிலாவது உடையாத பக்கம் திரும்பி ஓடினால் 6 அடி 8 அங்குலத்தைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் அகலத்தை விட்டுவிடாமல் 42, 44 லிட்டர் இருக்கும்படி பாருங்கள். அதில் கணுக்கால் வரை வாலுக்கு வெளியே நீட்டியிருக்கும். கோலப்பொடிக் கோட்டை 203 சென்டிமீட்டருக்குச் சுருக்கி, முற்றத்தில் மறுபடி இரண்டு வாரம். பழைய போர்டை விற்காதீர்கள். அலை சிறுத்த நாளில் அதுதான் ஓடும்.